கனவே வராமல் இருக்க வழி உண்டா? வந்தாலும் எழுந்ததும் மறந்துபோக வேண்டும்

மொட்டுக்காரி
செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. செக்கானூரணி பக்கம் ஒரு கிராமம். 60 சென்டில் மல்லித் தோட்டம். பறிப்பது, மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் நானேதான். மகள் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

என் தூக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு 9.30க்குப் படுப்பேன். படுத்த கையோடு தூங்கிவிடுவேன். 2.45க்கு போனில் அலாரம். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு 3.15க்கெல்லாம் செடிக்குள் இறங்கிவிட வேண்டும். மொட்டு விரியும் முன்னால் மார்க்கெட்டில் இருந்தால்தான் அதற்கு விலை. விரிந்த பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 17 வருடமாக இதே நேரம்தான்.

போன ஆவணியில் அம்மா இறந்துபோனார்கள். என்னோடுதான் இருந்தார்கள். முகூர்த்த நாள், பூவுக்கு நல்ல விலை, கமிஷன் கடையில் தராசுக்கு முன்னால் அவ்வளவு கூட்டம். போனைத் துணிப்பையில் போட்டு, அதன் மேல் சாக்கை வைத்திருந்தேன். சத்தம் கேட்கவில்லை. எடைபோட்டு, சிட்டை வாங்கி, டீ குடிக்கப் போகும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து மூன்று மிஸ்டுகால். 6.12, 6.14, 6.21. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 6.50க்குப் பக்கத்து வீட்டு மதினி கூப்பிட்டார். திண்ணையில் தூணில் சாய்ந்தபடி இருந்தார்களாம், கையில் போன். மாரடைப்பு என்றார்கள்.

கனவு அதற்கு ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தது. எப்போதும் ஒரே கனவுதான். தராசுக்கு முன்னால் நிற்கிறேன். சாக்குக்குள் போன் அடிக்கிறது. கையை விடுகிறேன். முழங்கை வரைக்கும் மொட்டு, ஈரமாக, சில்லென்று இருக்கிறது. சத்தம் இன்னும் கீழேயிருந்து வருகிறது. தோள் வரைக்கும் விடுகிறேன், கிடைக்கவில்லை. சாக்கைக் கவிழ்க்கிறேன். மொட்டு கொட்டிக்கொண்டே இருக்கிறது, தீரவே மாட்டேன் என்கிறது. கொட்டிய மொட்டெல்லாம் என் காலடியிலேயே விரிய ஆரம்பிக்கும். கடைக்காரர் கத்துகிறார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியே எழுந்துவிடுவேன். அலாரம் அடித்துக்கொண்டிருக்கும். கை இறுக மூடியிருக்கும், நகம் பதிந்து வலிக்கும்.

வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி. அதோடு செடிக்குள் போனால் மொட்டைத் தொடும்போதெல்லாம் கனவு மறுபடியும் வருகிறது. எங்கேயாவது போன் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

சொந்தத்தில் ஒருத்தர் குறி கேட்டு வந்தார். அம்மா என்னைக் கூப்பிடுகிறார்களாம், கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்களாம், சாந்தி செய்ய 18,000 ரூபாய் ஆகுமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மகள் என் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். ராத்திரியில் நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்க்கிறாள். இதைத்தான் தாங்க முடியவில்லை.

தூங்கும்போது அம்மாவை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே படுக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. கனவை நிறுத்த மாத்திரை உண்டா? எதையாவது சாப்பிட்டால், சாப்பிடாமல் இருந்தால் நிற்குமா? நிற்காது என்றால், எழுந்ததும் மறந்துபோகவாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆற்றங்கரை வீடு
செவ்வாய், இரவு 9.35

அக்கா, நான் திருப்புவனம். அந்த 18,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்கள் மனசுக்கே தோன்றினால் எங்கள் ஊருக்கு வாருங்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வைகைக் கரையில் திதி கொடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கரைக்கக் கொண்டுபோன அஸ்தி இங்கே பூவாக மலர்ந்தது என்பது தலபுராணம், அதனால்தான் புஷ்பவனம் என்று பெயர். பூவோடு வாழ்ந்த அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பயந்துகொண்டு வராதீர்கள். பெற்ற தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வர மாட்டாள். இதை உங்கள் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.


ராத்திரி ட்யூட்டி
புதன், காலை 7.40

அக்கா, நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ், 11 வருடம். இப்போதுதான் டியூட்டி முடித்து வந்து படித்தேன். தூங்கப் போகும் முன்னால் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் போனில் அலாரம் சத்தமும், யாராவது கூப்பிட்டால் வரும் சத்தமும் ஒன்றுதானா? இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஏன் கேட்கிறேன் என்று கீழே சொல்கிறேன்.

தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953ல் சிகாகோவில் கிளைட்மன் என்பவரும் அவருடைய மாணவர் அசெரின்ஸ்கியும் இதை எழுதி வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனைப் படுக்க வைத்துத்தான் முதலில் பார்த்தார். அந்தக் கட்டத்தில் ஒருவரை எழுப்பினால் 10 பேரில் 8 பேர் கனவு சொல்வார்கள். முதல் சுற்றில் அது சில நிமிடம்தான். சுற்றுக்குச் சுற்று நீண்டுகொண்டே போகும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் ஊரில் சொல்கிறோமே, பலிப்பது இருக்கட்டும், விடியற்காலைக் கனவுதான் நினைவில் நிற்கும். அந்த நேரத்தில்தான் கனவுத் தூக்கம் நீளமாக இருக்கும், நாம் அதிலிருந்து நேராக எழுந்துவிடுவோம்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 9.30க்குப் படுத்து 2.45க்கு எழுகிறீர்கள். ஐந்தேகால் மணி நேரம். நல்ல கனவுத் தூக்கம் வரும் நேரத்தில் அலாரம் வந்து வெட்டுகிறது. கனவை ஒவ்வொரு நாளும் நடுவிலேயே பிடித்துத் தூக்கி வெளியே எடுக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கி, தானாக எழுந்தால் இதில் பாதி மறந்திருக்கும். கனவு காணும்போது நினைவைப் பதிய வைக்கும் சில ரசாயனங்கள் மூளையில் மிகவும் குறைந்துவிடும். 2019ல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் எலிகளிடம் பார்த்தார்கள். அந்தத் தூக்கத்தின்போது மறக்க வைப்பதற்கென்றே சில நரம்பணுக்கள் வேலை செய்கின்றனவாம். ஆக, மறப்பதுதான் இயல்பு அக்கா. உங்களுக்கு அந்த இயல்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

அடுத்தது சத்தம். தூங்குகிறவர் காதில் விழுவதும், உடம்பில் படுவதும் கனவுக்குள் போய்விடும். 1958ல் தூங்குகிறவர்கள் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எழுப்பிக் கேட்டார்கள். கூரை ஒழுகுவதுபோலக் கனவு வந்தது என்று சொன்னவரும் உண்டு. உங்கள் சாக்குக்குள் அடிக்கும் போன், உங்கள் தலைமாட்டில் அடிக்கும் அலாரமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு படுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். 2004ல் ஹார்வர்டில் வெக்னர் என்பவர், தெரிந்த ஒருவரை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லிப் படுக்க வைத்தார். அவர்களுக்குத்தான் அந்த ஆள் கனவில் அதிகமாக வந்தார். அம்மாவை நினையுங்கள். படுக்கும் முன்னால் பத்து நிமிடம் நன்றாகவே நினையுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் படுங்கள்.

எழுந்ததும் கனவை ஓட்டிப் பார்க்காதீர்கள். மகளிடம் உடனே சொல்கிறீர்களா? சொல்லச் சொல்ல அது கெட்டியாகிவிடும். எழுந்தவுடன் விளக்கைப் போடுங்கள், முகத்தில் தண்ணீர் அடியுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான கனவு கரைந்துவிடும்.

கடைசியாக, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பிரஷருக்கு, படபடப்புக்கு? கனவை நிறுத்தும் மாத்திரை கடையில் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. ஆனால் சில மாத்திரைகள் கனவை அதிகமாக்கும்.


செல்லூர் ஆட்டோ
புதன், மதியம் 2.10

அக்கா, யாராவது உங்களிடம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு படுத்தால் கனவே வராது என்று சொல்வார்கள். பெண்களுக்கும் சொல்கிறார்கள், இருமல் மருந்து என்று வேறு பெயரில் சொல்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கெட்டவன், அதனால் எழுதுகிறேன்.

2016ல் ரிங் ரோட்டில் என் கண் முன்னால் ஒரு விபத்து. அடிபட்ட பையனை என் ஆட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வழியிலேயே போய்விட்டான். அவனுடைய ஒற்றைச் செருப்பு பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததை மறுநாள் வண்டி கழுவும்போது பார்த்தேன். அந்தச் செருப்பு கனவில் வர ஆரம்பித்தது. கனவு வேண்டாம் என்று ஒரு குவாட்டரில் ஆரம்பித்தேன். முன்னிரவு கட்டைபோலத் தூங்குவேன். ஆனால் 2 மணிக்கு மேல் கனவு பத்து மடங்காக வரும், வேர்த்துக் கொட்டும், கத்திக்கொண்டு எழுவேன். சரி, போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். இப்படியே மூன்று வருடம்.

பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. சாராயம் முதல் பாதி ராத்திரியில் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும், அது இறங்க இறங்க, அமுக்கியதெல்லாம் சேர்ந்து மேலே வரும். நிறுத்திய பிறகும் பல நாள் கனவு தாறுமாறாக வந்தது. வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் தாங்கினேன். நிறையக் குடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் பார்வையில் நிறுத்துங்கள், வலிப்பு வந்துவிடும்.

செருப்பு இப்போதும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும். வந்தால் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.


மொட்டுக்காரி
புதன், இரவு 8.30

நர்ஸம்மா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். உட்கார்ந்து அழுதுவிட்டேன். இரண்டும் ஒரே சத்தம்தான். மகள் போன வருடம் போன் வாங்கிக் கொடுத்தபோது எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று இரண்டுக்கும் அதையே வைத்துக் கொடுத்தாளாம். அவளே மறந்துவிட்டாள். இன்றைக்கே மாற்றிவிட்டோம். அலாரத்துக்கு ஏதோ குயில் சத்தம் வைத்திருக்கிறாள். கூப்பிடும் சத்தத்தையும் மாற்றச் சொன்னேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மா போன பிறகு நெஞ்சு படபடவென்று இருந்தது, பிரஷரும் இருக்கிறது என்று மெட்டோப்ரோலால் எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். அதை நிறுத்திவிடலாமா?

ஆட்டோ தம்பி, அந்தப் பையனை நீங்கள் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அது போதும். அவன் அம்மா சார்பில் நான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதாமல் விட்டேன். எனக்குக் கனவைவிட அந்த மூன்று மிஸ்டுகாலும்தான் தாங்க முடியவில்லை. அம்மா என்ன சொல்லக் கூப்பிட்டார்கள்? நெஞ்சு வலிக்கிறது என்றா? இல்லை, வரும்போது வெற்றிலை வாங்கிக்கொண்டு வா என்றா? அது தெரியாமலே இருக்கிறதே.


ராத்திரி ட்யூட்டி
வியாழன், காலை 8.05

அக்கா, நிறுத்தவே கூடாது! அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. அந்த வகை சிலருக்குக் கனவைக் கூட்டும் என்பது உண்மை. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், கனவு இப்படி வருகிறது என்று சொல்லுங்கள். வேளையை மாற்றுவதா, மாத்திரையை மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று இருக்கிறது. இது மாத்திரை இல்லை. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்கள் சொல்லித் தருவது. பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, அந்தக் கனவை எடுத்துக்கொண்டு அதன் போக்கை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டும். எப்படி மாற்றினாலும் சரி. மாற்றியதை நாள்தோறும் 10, 15 நிமிடம் கண்ணை மூடி மனசுக்குள் பார்க்க வேண்டும். பழையதைப் பார்க்கக் கூடாது, புதியதை மட்டும். 2001ல் அமெரிக்காவில் பலாத்காரத்துக்கு ஆளான பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். கெட்ட கனவு குறைந்தது, தூக்கமும் மேலானது. நம் ஊரில் பெரியாஸ்பத்திரியில், அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனை, மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள்.

அம்மா என்ன சொல்ல வந்தார்கள் என்று கேட்டீர்கள். அதை யாரும் சொல்ல முடியாது. கனவை மாற்றும்போது அம்மா பேசுவதை நீங்கள் எழுத வேண்டாம். அது பொய்யாக இருக்கும், உங்கள் மனசு ஏற்றுக்கொள்ளாது. போன் கிடைக்கிறது, நீங்கள் எடுக்கிறீர்கள், அவ்வளவு போதும். எடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் இப்படி எத்தனையோ மகன்களையும் மகள்களையும் பார்த்திருக்கிறேன். டீ குடிக்கக் கீழே இறங்கிய ஐந்து நிமிடத்தில் உயிர் போயிருக்கும். 6.12க்கு நீங்கள் எடுத்திருந்தாலும் செக்கானூரணி தாண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டிருப்பீர்கள், தெரியும். ஆயிரம் தடவை போட்டிருப்பீர்கள்.


முதல் டிரிப்
வெள்ளி, காலை 6.15

நான் ஓய்வு பெற்ற கண்டக்டர். 31 வருட சர்வீஸ். மதுரை, தேனி, உசிலம்பட்டி ரூட் எல்லாம் ஓடியிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பூச்சாக்கு எத்தனையோ தடவை என் பஸ்ஸில் ஏறியிருக்கும் தாயி. பஸ்ஸே மணக்கும்.

நர்ஸம்மா எழுதிய தூக்கக் கணக்கு சரி என்பதற்கு நானே சாட்சி. முதல் டிரிப் 4.30க்கு. 3 மணிக்கு எழுவேன். சர்வீஸில் இருந்த காலம் முழுவதும் எனக்கு ஒரே கனவுதான். செக்கிங் ஏறுகிறார், பையில் காசு குறைகிறது. எண்ணுகிறேன், எண்ண எண்ணக் குறைகிறது. பஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது, விசில் வாயில் இருக்கிறது, ஊத மூச்சில்லை. வாரத்தில் நாலு நாள் இது வரும். 2018ல் ரிட்டயர் ஆனேன். அலாரத்தை எடுத்துவிட்டேன். ஆறு மணி வரைக்கும் தூங்கினேன். மூன்று மாதத்தில் செக்கிங் இறங்கிப் போய்விட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை. எழும் நேரம் மாறியது, அவ்வளவுதான். உங்களுக்கு மல்லியை விட முடியாது, அது தெரியும். ஆனால் 8.30க்குப் படுக்க முடிந்தால் படுங்கள். மத்தியானம் ஒரு தூக்கம் போடுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயரான அடுத்த வருடம் என் வீட்டுக்காரி இறந்துபோனாள். 34 வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். 3 மணிக்கு எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டவள். இந்த ஆறு வருடத்தில் ஒரு ராத்திரிகூடக் கனவில் வரவில்லை. வந்தாளோ, நான்தான் மறந்துவிட்டேனோ, அதுவும் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கி நிம்மதியாக எழுகிறேன், ஒன்றுமே இல்லாமல். அவள் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டேன்.

பஸ்ஸில் டிரைவர் தலைக்குப் பின்னால் குறள் எழுதியிருக்கும். நின்றுகொண்டே படித்துப் படித்து நிறையக் குறள் மனப்பாடம். ஆனால் 122ஆவது அதிகாரத்தை நான் எந்தப் பஸ்ஸிலும் பார்த்ததில்லை. கனவுநிலை உரைத்தல். அவள் போன பிறகு லைப்ரரியில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அதில் ஒருத்தி சொல்கிறாள், நனவு என்று ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தால் கனவில் வந்தவர் என்னை விட்டுப் பிரியவே மாட்டாரே என்று. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கனவு வேறு, அது வதை, அது நிற்க வேண்டும். நிற்கட்டும். அம்மாவே வராமல் போகும்படி மட்டும் எதையும் கேட்காதீர்கள் தாயி.


மொட்டுக்காரி
ஞாயிறு, பகல் 11.20 (முதல் பதிவிலிருந்து ஐந்து வாரம் கழித்து)

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? முன்பே எழுதியிருக்க வேண்டும். பங்குனி முகூர்த்தம், மூச்சு விட நேரமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரைப் பார்த்தேன். மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிக் கொடுத்தார், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். குயில் சத்தம் முதல் இரண்டு நாள் காதிலேயே விழவில்லை, லேட்டாகிவிட்டது. இப்போது மதினி வந்து ஜன்னலில் தட்டுகிறார். அவரும் பூப்பறிக்க வருகிறவர்தான். வளையல் சத்தம் கேட்டதும் முழிப்பு வந்துவிடுகிறது. 8.45க்கெல்லாம் படுத்துவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூக்கம்.

குறி சொன்னவரை இனிமேல் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருப்புவனத்துக்கு நானும் மகளும் போனோம். நம் தோட்டத்து மொட்டு அரைக்கிலோ கொண்டுபோனேன். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை, கணுக்கால் அளவுதான். விட்ட மொட்டு ஓடாமல் அங்கேயே ஒரு கல்லில் தட்டி நின்றது. மகள் குனிந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவள் கட்டிலிலேயே படுத்தாள். என் மூக்கருகில் கை வரவில்லை.

கனவை மாற்றும் வேலைதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் கண்ணை மூடினால் பழையதே வந்தது. 14416க்குக் கூப்பிட்டேன். பேசிய பெண் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார், கனவு முழுவதையும் மாற்ற வேண்டாம், ஒரே ஒரு இடத்தை மாற்றுங்கள் என்றார். அதனால் இப்படி மாற்றினேன். சாக்குக்குள் கையை விடுகிறேன், மேலேயே போன் இருக்கிறது. மொட்டு இரண்டு அதில் ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டு எடுத்து, "சொல்லும்மா, இங்கதான் இருக்கேன்" என்கிறேன். அவ்வளவுதான். களத்து மேட்டில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தினமும் இதையே பார்ப்பேன். "இங்கதான் இருக்கேன்" என்பதை வாய்விட்டே சொல்லிவிடுவேன் சில நாள். ஆடு மேய்க்கும் பையன் திரும்பிப் பார்ப்பான்.

மூன்றாவது வாரத்திலிருந்து குறைந்தது. போன வாரம் ஒரே ஒரு தடவைதான் பழைய கனவு. நேற்று வேறு ஒன்று வந்தது. மார்க்கெட் இல்லை, எங்கள் திண்ணை. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாலு மொட்டு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, சுண்டி இழுப்பார்களே, அந்த இழுப்பு. என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. பக்கத்தில் போன் கிடந்தது, அடிக்கவில்லை. எழுந்ததும் விளக்கைப் போடச் சொன்னீர்கள் நர்ஸம்மா. நேற்று மட்டும் போடவில்லை. மதினி இரண்டாவது தடவை தட்டும் வரைக்கும் இருட்டிலேயே கிடந்தேன்.

மூன்று மிஸ்டுகாலையும் இன்னும் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். அம்மா என்ன சொல்ல வந்தார்கள் என்பது இனிமேல் தெரியப்போவதில்லை. வெற்றிலையாகத்தான் இருக்கும் என்று மகள் சொல்கிறாள்.

கண்டக்டர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்தேன். உங்கள் வீட்டம்மா என்ன பூ வைப்பார்கள்? வரும் வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணியில்தான் இருப்பேன், 6 மணிக்கு மேல். உங்களுக்கு வர முடிந்தால் கொண்டுவருகிறேன். போட்டோவுக்கு வையுங்கள்.


முதல் டிரிப்
ஞாயிறு, மாலை 4.05

பிச்சிப்பூ தாயி. மல்லி வைத்தால் தலைவலி வரும் என்பாள். வெள்ளிக்கிழமை வருகிறேன்.